காரகமும் வெண்ணகமும்

"முட்டிய அழுத்தாதீங்க" என்றார் நடேசன்.

ஐஸ் பெட்டியோடு வந்திருந்த இருவரில் மூத்தவன் கையை எடுத்துக்கொண்டான். பெட்டியின் கண்ணாடி மூடி சாத்திக்கொள்ளாமல் நடேசனின் மகன் சிவசங்கரின் முழங்கால்கள்மேல் சாய்ந்து நின்றது. சின்ன வயதிலேயே மடங்கி, மடங்கிய வாக்கிலேயே இறுகிப்போன கால்கள் அவை. உயிரோடு இருந்தபோதும் அவற்றை யாரும் நீட்டியதில்லை.

"கொஞ்சம் அமுக்கினா படிஞ்சிடும் சார்."

"படியாது. ஒருக்களிச்சு வைங்க."

"எந்தப் பக்கம் சார்?"

நடேசன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் எதற்காகப் பார்த்தோம் என்பது அவருக்கு உறைத்தது. இந்த நேரத்துக்கு இடப்பக்கம். காலையில் மகனை ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டுத்தான் அவர் வண்டி எடுக்கப் போவது.

"இடப்பக்கம்" என்றார்.

அவரே குனிந்து, ஒரு கையைத் தோளுக்கடியிலும் மறுகையை இடுப்புக்கடியிலும் கொடுத்துத் திருப்பினார். கைகொடுக்க வந்த பெட்டிக்காரர்கள் அவர் செய்வதைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். மூடி படிந்தது. சிவசங்கரின் கன்னத்தில் மூச்சு மெஷினின் பட்டை அழுந்திய தடம் இன்னும் பள்ளமாகவே இருந்தது.

அவர்கள் வீடு ஒரகடத்திலிருந்து உள்ளே தள்ளிய கிராமத்தில், ஒரு பெரிய தொழிற்சாலையின் மதில் முடிகிற இடத்தில் இருந்தது. கீழே குடும்பம். மேலே வரிசையாக அறைகள். எல்லாவற்றிலும் தெற்கேயிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள் வாடகைக்கு இருந்தார்கள். நடேசன் கம்பெனி பஸ் ஓட்டினார். ஷிஃப்ட்டுக்கு ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, ஷிஃப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு வருகிற வேலை.

அன்று விடிகாலையில், வண்டிக்குக் கிளம்புமுன் வழக்கம்போல மகனின் மாஸ்க்கைக் கழற்றி, முகத்தை ஈரத்துணியால் துடைத்தார். திரும்ப மாட்டப் போனபோதுதான் நெஞ்சு எழவில்லை என்பது தெரிந்தது. எப்போது நின்றதென்று தெரியவில்லை. மெஷின் காற்றைத் தள்ளிக்கொண்டே இருந்ததால் நெஞ்சு அதுபாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கும். அவர் கையில் மாஸ்க் சீறிக்கொண்டே இருந்தது. அதை அணைக்க வேண்டும் என்று தோன்றவே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அடுப்படிக்குப் போனார். மனைவி கனகம் டீக்குப் பால் வைத்திருந்தாள்.

"அடுப்ப நிறுத்து" என்றார்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. நிறுத்தினாள்.

பொழுது நன்றாக விடிவதற்குள் கம்பெனியிலிருந்து வேறொரு டிரைவர் வந்து வாசலில் நின்றான். பஸ் சாவி நடேசனின் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. "தப்பா நெனச்சுக்காதண்ணே, ஆளுங்க ஸ்டாப்புல நிக்கிறாங்க" என்றான். சாவியை வாங்கிக்கொண்டு, உள்ளே வந்து ஒருமுறை கும்பிட்டுவிட்டு ஓடினான். அதன்பிறகு நடேசனுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பந்தல், சங்கு, மாலை என்று எல்லாவற்றையும் கனகத்தின் அண்ணன் தமிழ்வாணன் தன் கையில் எடுத்துக்கொண்டுவிட்டார். அவர் மனை புரோக்கர். போனில் நாலு பேரை விரட்டி வேலை வாங்கத் தெரிந்தவர்.

நடேசன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். தூக்கம் வந்தது. மகன் செத்த அன்றைக்குத் தூக்கம் வருமா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் வந்தது. வருஷக்கணக்காகச் சேர்ந்த தூக்கம் அது.

சிவசங்கர் ஒரு நாட்டை வைத்திருந்தான். நடேசனுக்கு அப்படித்தான் சொல்லத் தெரியும். சதை கரைகிற நோய். பள்ளிக்கூடத்துப் பாதியில் நடை போயிற்று, பிறகு உட்காருவது போயிற்று, கடைசியில் விரல்களும் போனைத் தள்ள முடியாமல் சோர்ந்தன. அதற்கப்புறம் அவன் வாயாலேயே அந்த நாட்டை உண்டாக்கினான். ஒரே மண்ணில் இரண்டு நாடு. காரகம், வெண்ணகம். இரண்டுக்கும் மலையும் ஆறும் ஒன்றே. ஊர்கள் நிற்கிற இடமும் ஒன்றே. ஆனால் இதில் இருப்பவர்களின் கண்ணுக்கு அது தெரியாது, அதில் இருப்பவர்களின் கண்ணுக்கு இது தெரியாது. காரகத்தில் எந்நேரமும் அந்தியும் தூறலும். வெண்ணகத்தில் ஓயாத வெயில். ஆதியில் ஒன்றாக இருந்ததை, ஆற்றுத் தண்ணீரைப் பங்கு பிரிக்கத் தெரியாத ஒரு அக்காளும் தம்பியும் பிளந்துவிட்டார்கள். பிளந்த அன்றே ஒரு சட்டமும் உண்டானது. இங்கிருந்து ஒருவர் அங்கே போனால், அங்கிருந்து ஒருவர் இங்கே வந்தாக வேண்டும். எடை மாறக் கூடாது. மாறினால், எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் ஆறு நின்றுவிடும்.

"இத எங்கேர்ந்துடா புடிச்ச?" என்று ஒருதரம் நடேசன் கேட்டார்.

"உன் பஸ்லேர்ந்துதாம்பா. ஒரு பஸ் ஆள கொண்டுபோய் உட்டுட்டு ஒரு பஸ் ஆள கூட்டியாந்துடற இல்ல?"

ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் புண் வந்துவிடும் என்பதால் அவனை மாற்றி மாற்றித் திருப்ப வேண்டும். ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தால் காரகத்தின் கதை. சுவரைப் பார்த்துத் திருப்பினால் வெண்ணகம். அவர் தூக்கும்போது ஏதாவது ஒரு போரின் நடுவே இருந்தான் என்றால், "இருப்பா, இத முடிச்சிடறேன்" என்பான். முடிக்கிறவரை நடேசன் தூக்கிய வாக்கில் நிற்பார். இடுப்பு கடுக்கும். காரகத்துச் சிற்றரசர்களின் வாரிசுச் சண்டையும், வெண்ணகத்தில் கிணறு வெட்டுவதற்கிருந்த கட்டுப்பாடுகளும் இப்படித்தான் அவர் விரும்பாமலே அவருக்குள் இறங்கின. சுங்குவார்சத்திரம் சிக்னலில் வண்டி நிற்கும்போது, ஆற்றுமுகத்துக் கோட்டையைக் கட்டியது அக்காளா தம்பியா என்று யோசித்துக்கொண்டிருப்பார். பின்னால் ஹாரன் அடிப்பார்கள்.

கனகத்துக்கு அந்தப் பேச்சே ஆகாது. பேச்சைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தார். "கீற மூச்சு எல்லாத்தையும் இல்லாத ஊருக்குக் குடுத்துகினு கீறியேடா" என்பாள். அவன் கேட்க மாட்டான். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய் மிக்ஸியைப் போட்டுவிடுவாள்.

மேல் அறைப் பிள்ளைகள்தான் அந்த நாட்டின் குடிகள். ஷிஃப்ட் முடிந்து குளித்துவிட்டு, தூங்கப் போகுமுன் வந்து கட்டிலைச் சுற்றி உட்காருவார்கள். சிவசங்கர் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியைத் தாண்டி எதையும் பார்த்தவனில்லை. நாட்டுக்கு வேண்டிய நிலத்தையெல்லாம் அவர்களிடமிருந்துதான் வாங்கினான். கரிசலைக் கொடுத்தவன் கோவில்பட்டிப் பக்கத்து மாரிராஜ். ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஒரு கவரில் மண் கொண்டுவந்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, சிவசங்கரின் உள்ளங்கையில் அப்பிக் காட்டினான். கடலும் உப்பளமும் வேம்பார்க்காரி ஜாஸ்மினுடையவை. சிவசங்கர் ஏரி என்றதை அவர்கள் கண்மாய் என்றார்கள். யார் சொல்வது சரி என்று ஒரு வாரம் வழக்காடி, காரகத்தில் அது ஏரி, வெண்ணகத்தில் அதுவே கண்மாய் என்று தீர்ப்பானது. மாரிராஜ் கரிசல் சீமையின் காவல்தலைவன். ஜாஸ்மின் உப்பு ஏற்றும் படகுக்காரி. தாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். அதனால் என்ன விளைந்தது என்பதைச் சிவசங்கர் சொல்வான். அவன் சொன்னால் சொன்னதுதான்.

நைட் ஷிஃப்ட் முடித்துவந்த மாரிராஜ், யூனிஃபார்மோடு பெட்டியின் தலைமாட்டில் வந்து நின்றான். அழுது முடித்த முகமாகத் தெரிந்தது. பஸ்ஸிலேயே அழுதிருக்க வேண்டும்.

"ஜாஸ்மினுக்குத் தெரியாதுய்யா" என்றான் நடேசனிடம். "காலைல ஷிஃப்ட்டுக்குப் போயிருச்சு. செல்போன லாக்கர்ல வச்சுட்டுல்லா உள்ள விடுவாவ. சாயங்காலம் வெளிய வந்தாத்தான் பாக்கும்."

"கம்பெனிக்குப் போன் பண்ணிச் சொல்ல முடியாதா?"

"பண்ணேன். ரத்த சொந்தமான்னு கேட்டாவ."

நடேசன் தலையாட்டினார்.

உச்சிப் பொழுதுக்குள் உறவுக்காரர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். வந்தவர்கள் அழுதார்கள், அழுது முடித்த பின், "அவனுக்கும் விடுதல, உங்களுக்கும் விடுதல" என்றார்கள். அதை எல்லாரும் ஒரே மாதிரியான தணிந்த குரலில் சொன்னார்கள். நடேசன் ஒவ்வொருவருக்கும் கைகூப்பினார். கனகம் யாரையும் பார்க்கவில்லை. பெட்டியின் கண்ணாடியில் படிகிற ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த இடம் கொஞ்ச நேரத்தில் மறுபடி மங்கியது.

நடேசன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது, தலையைத் திருப்பாமலே கேட்டாள்.

"நேத்து சாயங்காலம் உங்ககிட்ட பேசிகினே இருந்தானே. இன்னா சொன்னான்?"

காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையை அடக்கிக்கொண்டு காதைக் கொடுத்தார்கள். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அம்மாவைப் பார்த்துக்கொள் என்றான், அம்மா கையால் ரசம் சாப்பிட வேண்டும் என்றான் என்று ஏதாவது ஒன்று. நடேசனுக்கு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அவள் துடைக்கிற கை நின்றிருந்தது. அதைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"அந்த ஊர பத்திதான்" என்றார்.

"இன்னான்னு?"

"ஜாஸ்மினு அந்தப் பக்கம் போவணும்னு ரெண்டு நாட்டுக்கும் நடுவுல கீற வாசல்ல வந்து நிக்குதாம். இது அங்க போவணும்னா அங்கேர்ந்து ஒருத்தர் இங்க வரணும். இந்த மழையில வந்து நனைய எவனும் ஒத்துக்கலியாம். இன்னா பண்றதுன்னு யோசிச்சிகினு இருந்தான்."

"அப்புறம்?"

"அவசரப்பட்டா நாடு கெட்டுடும்பா, நாளைக்குச் சொல்றேன்னான். அவ்ளோதான்."

கனகம் ஏதோ கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. மறுபடி கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாள். தன்னைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லையா என்றுதான் கேட்க வந்தாள் என்பது நடேசனுக்குத் தெரியும்.

மழை இறங்குவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று தமிழ்வாணன் அவசரப்படுத்தினார். குளிப்பாட்டும்போது யாரையும் நடேசன் விடவில்லை. தண்ணீரின் சூட்டைத் தன் புறங்கையில் ஊற்றிப் பார்த்தார். மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, இடுக்குகளைத் துடைத்தார். பாடையிலும் ஒருக்களித்தே கிடத்தினார்கள். பின்னால் தலையணை ஒன்றை முட்டுக்கொடுத்துக் கட்ட வேண்டியிருந்தது. யாரோ ஒரு கிழவர் இப்படி வழக்கமில்லையே என்றார்.

தூக்குகிற நேரத்தில் மாரிராஜ் முன்கட்டைக்கு வந்து தோள் கொடுத்தான். தமிழ்வாணன் அவன் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"நீ இருப்பா. பங்காளிங்க கீறாங்க."

மாரிராஜ் விலகி நின்றான். அவனுக்குப் பின்னால் நின்ற மற்ற பிள்ளைகளும் ஓரடி பின்னால் போனார்கள். கொள்ளிச் சட்டியோடு முன்னால் நின்றிருந்த நடேசன் திரும்பினார்.

"அவன் புடிக்கட்டும் மச்சான்."

"இல்ல மாப்ள, பெரியவங்க ஏதாச்சும் சொல்லு..."

"சொல்லட்டும். அவன் புடிக்கட்டும்."

குரலை உயர்த்தக்கூட அவருக்குத் தெம்பில்லை. தமிழ்வாணன் ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார். மாரிராஜ் தோள் கொடுத்தான். தூக்கியதும் அவன் முகம் மாறியது. "ஐயோ, வெயிட்டே இல்லையே" என்று பக்கத்தில் இருந்தவனிடம் மெதுவாகச் சொன்னது நடேசனுக்குக் கேட்டது.

சுடுகாடு ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது. நாலு நாள் மழையில் விறகு ஊறிப்போயிருந்தது. சுடுகாட்டு ஆள் டீசல் கேட்டான். தமிழ்வாணன் வாங்கிவர ஆளனுப்பினார். வருகிறவரை காத்திருந்தார்கள். தொழிற்சாலை மதிலுக்கு அப்பால் ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வருகிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. வாய்க்கரிசி போடும்போது மாரிராஜும் பிள்ளைகளும் வரிசையின் கடைசியில் வந்து போட்டார்கள்.

"இன்னிக்கு டூட்டி உண்டா உனக்கு?" என்று நடேசன் அவனைக் கேட்டார்.

"லீவு சொல்லிட்டேன்யா. யாருன்னு கேட்டாவ. அண்ணன்னு சொன்னேன்."

"குடுத்தாங்களா?"

"சர்டிபிகேட் கொண்டுவரணுமாம்."

டீசல் வந்தது. நடேசன் குடம் உடைத்து, திரும்பிப் பார்க்காமல் கொள்ளி வைத்தார். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொன்னது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தார். கழுத்தைத் திருப்புவதற்குக்கூட அவருக்கு உடம்பில் எதுவும் மிச்சமில்லை. ஏரியில் முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு வீட்டுக்கு நடந்தார்.

சாயங்காலம் கூட்டம் கலைந்தது. மழை வருகிறது என்று வெளியூர்க்காரர்கள் எல்லாரும் வண்டியைக் கிளப்பினார்கள். தமிழ்வாணன் நாளைக் காலை பால் தெளிக்க வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கட்டில் கிடந்த இடத்தைக் கழுவி விளக்கேற்றியிருந்தது. அடுத்த வீட்டுக்காரர்கள் கொடுத்தனுப்பிய இட்லி மூடியபடி இருந்தது. நடேசனும் கனகமும் எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மகனைத் திருப்ப வேண்டியதில்லை, சளி எடுக்க வேண்டியதில்லை, ஒன்றும் இல்லை. இவ்வளவு நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இருவருக்குமே தெரியவில்லை.

ஜாஸ்மின் வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கியது. ஸ்டாப்பிலிருந்து தூறலிலேயே நடந்து வந்திருந்தாள். செருப்பைக் கழற்றியவள் படியேறாமல் நின்றாள்.

"உள்ள வா" என்றாள் கனகம்.

வந்து, விளக்கைப் பார்த்தாள். பிறகு கட்டில் இருந்த இடத்தைப் பார்த்தாள். அழவில்லை.

"காலைல எங்க கம்பெனி பஸ்ஸுக்குப் போகும்போது இங்க லைட்டு எரிஞ்சிச்சு. எட்டிப் பாத்துட்டுப் போவோமான்னு நெனச்சேன்" என்றாள். "லேட்டாயிருச்சுன்னு ஓடிட்டேன்."

கனகம் பக்கத்தில் இடம் காட்டினாள். ஜாஸ்மின் உட்கார்ந்தாள். ஈரமான கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

நடேசனுக்கு அவளைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. காலையிலிருந்தே அவருக்குள் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. எத்தனை வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறார். தூரத்தில் ஓடிவருகிற ஆளை ஸ்டாப்பில் விட்டுவிட்டு ஒருநாளும் வண்டியை எடுத்ததில்லை. இந்தப் பெண்ணை அந்த நாட்டு வாசலில் நிறுத்திவிட்டு மகன் போய்விட்டான்.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஜாஸ்மினு. உன் விஷயம் நேத்து சொன்னான்."

அவள் நிமிர்ந்தாள். கனகமும் பார்த்தாள்.

"நீ போயிட்டம்மா. அந்தப் பக்கம்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். இதற்குமுன் அவர் எதையும் இட்டுக்கட்டிச் சொன்னவரில்லை. சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. "அங்கேர்ந்து ஒரு ஆளு வந்துட்டான். அதனால உன்ன உட்டுட்டாங்க."

"யாருய்யா வந்தா?"

நடேசன் யோசித்தார். "யாருன்னு தெரியாது. சின்ன வயசுதான். நடந்தே வந்தான்."

ஜாஸ்மின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இல்ல" என்றாள் கனகம்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படி போவ முடியாது. ஐப்பசி கார்த்திகையில வாசல தொறக்க மாட்டாங்க. ஏரி ரொம்பி நிக்கும்போது எது இந்தக் கரை, எது அந்தக் கரைன்னு தெரியாது. மீறிப் போனா நடுவுல மாட்டிக்குவாங்க. உப்பளத்துக்காரங்க கலகம் பண்ணாங்களே, அப்ப அப்படித்தான் அத்தினி பேரு போனாங்க. தை பொறந்து தண்ணி எறங்கினாதான் தொறப்பாங்க." ஒரு மூச்சு விட்டுக்கொண்டாள். "அது அவன் போட்ட சட்டம். நாம மாத்தக் கூடாது."

உண்மைதான். அப்படி ஒரு சட்டம் இருந்தது. நடேசன் மறந்துவிட்டிருந்தார். அவள் அதை எப்போது கேட்டாள் என்று அவர் கேட்கவில்லை.

ஜாஸ்மின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப தை வரைக்கும் நான் அங்கனயே நிக்கணுமாம்மா?"

"நிக்கத்தான் வேணும்" என்றாள் கனகம். "வேற இன்னா பண்றது?"

இட்லிப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து மூடியைத் திறந்தாள். ஒரு தட்டில் இரண்டை வைத்து ஜாஸ்மினிடம் தள்ளினாள். இன்னொரு தட்டில் வைத்து, அதை யாருக்குக் கொடுப்பதென்று முடிவாகாததுபோலக் கையிலேயே வைத்திருந்தாள். ஜாஸ்மின் ஒரு துண்டைப் பிட்டாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியத் தொடங்கியது. யாரோ மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் சுவரையொட்டி இறங்கி, சிமெண்டுத் தரையில் விழுந்து, மழை ஈரத்தோடு சேர்ந்து ஓடியது. சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது. சுவிட்ச், நடேசனின் தலைக்கு மேல், கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.